அந்தச் சின்னப் பெட்டி பாட்டைக் கெடுக்கிறதா? கழித்துப் பார்க்கலாம்

2003இல், போர் ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், கனடாவிலிருந்து வந்த சித்தப்பா ஒருவர் எங்கள் கோயில் திருவிழா மேளச்சமாவை, அதாவது நாதஸ்வர தவில் கச்சேரியை, மினிடிஸ்க் என்ற சின்ன டிஜிற்றல் தட்டில் பதிந்துகொண்டு போனார். இருபது வருடம் கழித்து அந்தத் தட்டுகளோடும் பழைய டெக் ஒன்றோடும் திரும்பி வந்தார். "இதைக் கொம்பியூட்டரிலை ஏத்தித் தா தம்பி." டெக்கில் ஒலியை வெளிச்சமாக அனுப்பும் ஒப்டிக்கல் வாய் மட்டும் இருந்தது. என்னிடம் இருந்த ஓடியோ இன்ரர்பேஸில் (வெளியிலிருந்து வரும் ஒலியைக் கணினிக்குள் ஏற்றும் கருவி) ஒப்டிக்கல் வாய் சரியாகப் பிடிக்காது. மின் கம்பியால் வாங்கும் கோஅக்சியல் வாய்தான் ஒழுங்கு. ரவுணுக்குப் போய் ஒப்டிக்கலைக் கோஅக்சியல் ஆக்கும் தீப்பெட்டி அளவுப் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன்.

ஏற்றி முடித்துப் போட்டுக் காட்டியதும் சித்தப்பா முகத்தைச் சுளித்தார். "தவிலின்ரை வலந்தலை மெலிஞ்சு போச்சு. உந்தப் பெட்டிதான் கெடுத்துப்போட்டுது." வலந்தலை என்றால் தவிலின் வலப்பக்கம்.

இப்படிச் சொல்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. "டிஜிற்றல்தானே, ஒன்றும் கெடாது" என்று ஒரு கட்சி. "பெட்டி மலிவு, சத்தமும் மலிவு" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் காதால் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்கின்றன. இந்த வகைப் பெட்டியைச் சோதிக்கக் காது தேவையே இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த கழித்தல் போதும். அது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பெயர், மூன்று வேலை

குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. கடையில் "கொன்வேர்ட்டர்" என்று கேட்டால் மூன்று வேறு சாமான்களில் எதையும் தருவார்கள்.

முதலாவது, கணினியில் ஓடும் மென்பொருள். ஒரு பாட்டுக் கோப்பை எம்பி3 ஆக்கும், அல்லது வேறொரு வடிவத்துக்கு மாற்றும். இரண்டாவது, எண்களாக வரும் ஒலியை மின் அலையாக்கி அம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பெட்டி. நாங்கள் கேட்பது கடைசியில் அந்த அலையைத்தான். மூன்றாவது, எண்ணை எண்ணாகவே வாங்கி எண்ணாகவே வேறொரு வாயால் வெளியே விடும் பெட்டி: ஒப்டிக்கல் உள்ளே, கோஅக்சியல் வெளியே; யூஎஸ்பி உள்ளே, ஒப்டிக்கல் வெளியே; எச்டிஎம்ஐ உள்ளே, ஒப்டிக்கல் வெளியே.

இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. முதலாவதில் எம்பி3 ஆக்கினால் இழப்பு இருக்கும், அது தெரிந்தே செய்வது. இரண்டாவதில் தரம் குறைந்தது, கூடியது என்று உண்மையாகவே இருக்கிறது. மூன்றாவதற்கு ஒரே கேள்விதான்: உள்ளே போன எண்ணே வெளியே வந்ததா?

ஒலி எப்படி எண்ணாகிறது

ஒலி என்பது காற்றின் அசைவு. அந்த அசைவு ஒரு கணத்தில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து எழுதினால் ஒரு எண் கிடைக்கும். அந்த ஒரு அளவைத்தான் சாம்பிள் என்கிறோம். ஒரு வினாடிக்கு எத்தனை தடவை அளக்கிறோம் என்பது சாம்பிள் வீதம். 1982இல் கடைக்கு வந்த சீடியில் அது 44,100. வீடியோ உலகத்தில் பெரும்பாலும் 48,000.

ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறோம் என்பதைப் பிட் எண்ணிக்கை சொல்லும். சீடியில் 16 பிட்; அதாவது 65,536 படிகளில் ஒன்று. 24 பிட் என்றால் ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட படிகள்.

ஆக, ஒரு மேளச்சமா கணினிக்கு வெறும் எண் வரிசைதான்: -1204, -1187, -1169 என்று நீண்டுகொண்டே போகும். இடது, வலது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வினாடிக்கு 88,200 எண்கள். பெட்டியின் வேலை இந்த வரிசையை அப்படியே கைமாற்றுவது.

காணி உறுதியும் பிரதியும்

யாழ்ப்பாணத்தில் "அப்படியே" என்றால் என்ன என்று விளக்கக் காணி உறுதியை விட நல்ல உதாரணம் கிடையாது. நாலு பரப்பு ஏழு குழி என்று உறுதியில் இருக்கிறது. அதைப் பிரதி எடுப்பவர் குண்டு எழுத்தில் எழுதலாம், கோழிக் கிறுக்கலாகவும் எழுதலாம், தட்டச்சும் செய்யலாம். எண் நாலு பரப்பு ஏழு குழியாக இருக்கும்வரை பிரதி சரி. ஒப்டிக்கலுக்கும் கோஅக்சியலுக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கையெழுத்து வித்தியாசம்தான். ஒன்றில் சிவப்பு வெளிச்சம் மினுங்குகிறது, மற்றதில் மின்சாரம் ஏறி இறங்குகிறது. எழுதியிருப்பது ஒன்று.

இனி, பிரதி எடுப்பவர் கொஞ்சம் "நேர்த்தி" பார்க்கிற ஆள் என்று வையுங்கள். ஏழு குழியை ஏன் இழுப்பான் என்று நாலரைப் பரப்பு என்று எழுதிவிட்டார். ஒரு பரப்புக்கு 18 குழி, அரைப் பரப்பு 9 குழி. இரண்டு குழி பக்கத்து வளவிலிருந்து வந்திருக்கிறது. வேலிச் சண்டை தொடங்கும். 24 பிட் எண்ணை 16 பிட்டாக வெட்டும் பெட்டி செய்வது இதைத்தான்: நுணுக்கத்தைக் கிட்டிய பெரிய படிக்குத் தள்ளிவிடுகிறது.

மூன்றாவது ஆள் இன்னும் சாமர்த்தியசாலி. குழிக் கணக்கு இப்போது யாருக்கு விளங்கும் என்று எல்லாவற்றையும் பேர்ச்சில் எழுதுகிறார். ஒரு பரப்பு 10 பேர்ச். அப்படியானால் நாலு பரப்பு ஏழு குழி 43.888... பேர்ச். எங்கேயாவது நிறுத்த வேண்டுமே, 43.89 என்று முடிக்கிறார். திருப்பிக் குழியாக்கினால் ஏழுக்கு ஒரு மயிரிழை கூட வரும். காணிக்காரனுக்கு நட்டம் ஒன்றும் இல்லை; வேலியும் அசையாது. ஆனாலும் மூல உறுதியில் இருந்த எண் ஒன்றுகூட இதில் இல்லை.

44,100ஐ 48,000 ஆக மாற்றும் பெட்டி செய்வது சரியாக இந்த மூன்றாவது வேலை. புதிதாக எழுதும் ஒவ்வொரு 160 சாம்பிளிலும் ஒன்றுதான் பழைய கணத்தில் விழும். மற்ற 159உம் இடையில் எங்கேயோ விழுவதால் கணக்குப் போட்டு உண்டாக்கப்படுபவை. நன்றாகக் கணக்குப் போட்டால் காதுக்கு வித்தியாசம் தெரியாது. எங்கள் கேள்வி அது இல்லை. மூலத்தைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பேர்ச் கணக்கை வைத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதுவரை வந்தது இவ்வளவு: ஒலி என்பது எண் வரிசை. பெட்டி அதை அப்படியே தரலாம், வெட்டித் தரலாம், வேறு அளவையில் புதிதாக எழுதியும் தரலாம். கடைசி இரண்டையும் காது பிடிக்காமல் விடலாம்.

கம்பிக்குள் என்ன நடக்கிறது

ஒப்டிக்கலிலும் கோஅக்சியலிலும் ஓடும் மொழி ஒன்றுதான். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்ததால் அதற்கு எஸ்பிடிஐஎஃப் என்று பெயர். வெளிச்சத்தில் அனுப்பும் வாயை 1983இல் தொஷிபா கொண்டுவந்தது. அதனால்தான் அதை டொஸ்லிங்க் என்றும் சொல்வார்கள்.

இந்த மொழியில் இரண்டு குணங்களைத் தெரிந்து வைத்தால் போதும். ஒன்று, இது ஒரு தடவைதான் சொல்லும். பென்ட்ரைவில் ஒரு கோப்பைப் பிரதி எடுக்கும்போது பிழை வந்தால் கணினி "திருப்பிச் சொல்லு" என்று கேட்டு வாங்கும். எஸ்பிடிஐஎஃப் நல்லூர்த் திருவிழா ஒலிபெருக்கி மாதிரி. "நீலச் சட்டை போட்ட பிள்ளை..." என்று அறிவித்துக்கொண்டே போகும். நடுவில் காவடி மேளம் குறுக்கிட்டால் அந்தச் சொல் போனது போனதுதான். வாங்கும் பக்கம் பிழையைக் கண்டால் முந்திய சாம்பிளையே திருப்பிப் போட்டு ஒப்பேற்றும், அல்லது ஒரு கணம் வாயை மூடிக்கொள்ளும்.

இரண்டாவது, எண்ணோடு சேர்ந்து தாளமும் வருகிறது. எந்த வேகத்தில் எண்ணை எடுக்க வேண்டும் என்று சொல்லும் துடிப்பு, அதாவது கடிகாரம், அதே சைகைக்குள் பின்னப்பட்டிருக்கிறது. வாங்குபவர் அந்தத் தாளத்துக்குக் கை போட வேண்டும். தன்பாட்டில் வேறு தாளம் போட்டால் எங்கேயோ ஒரு அடி தவறும்.

கோஅக்சியலுக்குத் தனிக் கம்பி தேடி அலைய வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய விசிடி பிளேயரோடு வந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பி எல்லார் வீட்டு லாச்சியிலும் கிடக்கும். அதில் மஞ்சள் படத்துக்கானது. படத்துக்கான கம்பியும் டிஜிற்றல் கோஅக்சியல் கம்பியும் 75 ஓம் என்ற ஒரே வரையறைக்குள் வருபவை. ஒழுங்காகச் செய்த மஞ்சள் கம்பி இருந்தால் அதுவே போதும். "தங்க முலாம் பூசிய கம்பி பாஸைக் கூட்டும்" என்று யாராவது சொன்னால், எந்த எண்ணைக் கூட்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

கழித்தல் சோதனை

ஒரே எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் பூச்சியம். மூல வரிசையிலிருந்து பெட்டி தந்த வரிசையை ஒவ்வொரு சாம்பிளாகக் கழித்தால், பெட்டி நேர்மையானது என்றால் தொடக்கம் முதல் முடிவு வரை பூச்சியம் மட்டுமே வரும். கேட்டால் நிசப்தம், பார்த்தால் ஒரு நேர்கோடு.

ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளிலேயே இதைச் செய்யலாம். மூலக் கோப்பு ஒரு தடத்தில், பதிந்தது அதன் கீழே. ஒன்றைத் தலைகீழாக்குகிறோம், அதாவது கூட்டலைக் கழித்தலாகவும் கழித்தலைக் கூட்டலாகவும் மாற்றுகிறோம். பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு தடமாக்குகிறோம். தலைகீழாக்கிக் கூட்டுவதும் கழிப்பதும் ஒன்றுதானே.

கடினமான இடம், இரண்டையும் ஒரே சாம்பிளில் தொடங்க வைப்பது. ஒரு சாம்பிள் முன்பின்னாகப் போனாலும் சோதனை பாழ். ஒரு சாம்பிளின் நேரம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 44 ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் அந்த அளவு பிசகினாலே உச்சஸ்தாயிச் சத்தங்கள் கழிபடாமல் சில இடங்களில் மூலத்தை விடப் பெரிதாகவே நிற்கும். பெட்டி கெட்டது என்று தீர்ப்புச் சொன்ன பலர் இந்த ஒரு சாம்பிளில்தான் வழுக்கி விழுந்தவர்கள். நானும் விழுந்திருக்கிறேன், அது ஒரு முழுப் பின்னேரம்.

அதற்கு ஒரு வழி: சோதனைக் கோப்பின் தொடக்கத்தில் ஒரே ஒரு சாம்பிளை உச்சத்துக்கு ஏற்றி ஒரு "டக்" வையுங்கள். சரியாகப் பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. நடுவில் மேளமோ பாட்டோ எதுவும் இருக்கட்டும். பதிந்த பிறகு முதல் டக்கை முதல் டக்கோடு பொருத்தினால் தொடக்கம் ஒத்துப்போகும். இரண்டு டக்குக்கும் நடுவில் 2,64,60,000 சாம்பிள் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் வழியில் ஏதோ தவறியிருக்கிறது. கழிக்காமலே பாதிச் சோதனை முடிந்தது.

அப்புறம், பெட்டியைச் சோதிக்க முதல் தராசைச் சோதிக்க வேண்டும். நான் செய்தது இப்படி. சோதனைக் கோப்பைச் சீடியில் எழுதி, ஒப்டிக்கல் வாய் உள்ள பழைய சீடி பிளேயரில் போட்டேன். முதல் தடவை பெட்டி இல்லாமல், நேராக இன்ரர்பேஸுக்குள். பிடிக்காத ஒப்டிக்கல் வாயைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் இருந்தேன், அது வேறு கதை. அதைக் கழித்துப் பூச்சியம் வந்த பிறகுதான் நடுவில் பெட்டியைச் சேர்த்து இரண்டாவது தடவை. முதல் தடவையிலேயே பூச்சியம் வராவிட்டால் குற்றம் பெட்டிமேல் இல்லை; தராசில்.

மிச்சம் பேசும்

பூச்சியம் வராவிட்டால்தான் இந்தச் சோதனை சுவாரசியமாகிறது. கழித்த பிறகு மிஞ்சுவதன் குணத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். மிச்சம் மிக மெல்லியதாக இருக்கும் என்பதால் 80 டெசிபெல் கூட்டிக் கேளுங்கள். டெசிபெல் என்பது சத்தத்தின் விகித அளவை. 80 கூட்டுவது பத்தாயிரம் மடங்கு பெரிதாக்குவது. கூட்ட முதல் ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். மிச்சம் நீங்கள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தால் காது போய்விடும்.

முழு மேளமும், எந்த மாற்றமும் இல்லாமல், தூரத்து வீட்டில் வாசிப்பது மாதிரிக் கேட்கிறதா? எங்கேயோ சத்த அளவு மாறியிருக்கிறது. இரண்டு சதவீதம் குறைந்தாலும் -1204 என்பது -1180 ஆகிவிடும்; மிச்சம் மூலத்தைவிட 34 டெசிபெல் மட்டுமே தாழ்ந்து நிற்கும். மேளத்தை நேரே கேட்டால் அந்த இரண்டு சதவீதம் ஒருவருக்கும் பிடிபடாது. கழித்தால் பல்லிளித்துவிடும்.

மிச்சம் ஒரு இடத்தில் மெலிந்து ஒரு இடத்தில் தடித்து, கடல் இரைவதுபோல வந்து போகிறதா? இரண்டு வரிசையும் மெதுமெதுவாக விலகுகின்றன. பெரும்பாலும் சாம்பிள் வீதம் மாற்றப்பட்டிருக்கும். இதுதான் பேர்ச் கணக்கு.

நாற்பது வினாடி சுத்த நிசப்தம், பிறகு திடீரென்று எல்லாம் குழம்பி, முடிவு வரை குழம்பியே இருக்கிறதா? நாற்பதாவது வினாடியில் ஒரு சாம்பிள் தவறியிருக்கிறது. அதற்குப் பிறகு எல்லாம் ஒரு அடி தள்ளிப் போகிறது. நிசப்தத்துக்கு நடுவில் அங்கொன்று இங்கொன்றாகச் "சொடக்" என்று மட்டும் வந்து பிறகு மீண்டும் நிசப்தமானால், சாம்பிள் தவறவில்லை, கெட்டுப்போயிருக்கிறது: கழன்று ஆடும் வாய், தூசி, அளவுக்கு மீறி மடித்த ஒப்டிக்கல் கம்பி.

கடைசி வகை, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீரான இரைச்சல், மழைத் தூறல் மாதிரி, மிகமிகத் தாழ்வாக. கடைசிப் பிட்டில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அந்த யாரோ பெரும்பாலும் நீங்களேதான்; கீழே வருகிறேன்.

சுருக்கமாக: நிசப்தம் என்றால் நேர்மை. தூரத்து மேளம் என்றால் சத்த அளவு. கடல் இரைச்சல் என்றால் வீத மாற்றம். சொடக் என்றால் தொடர்பு. தூறல் என்றால் கடைசிப் பிட்.

கணினி செய்யும் கோள்

எனக்குத் தெரிந்து, பெட்டிமேல் விழும் பழியில் பெரும் பங்கு கணினிக்குச் சேர வேண்டியது. யூஎஸ்பியால் வாங்கி ஒப்டிக்கலில் விடும் பெட்டிகளில் இதை நேராகவே பார்க்கலாம். விண்டோஸ் சாதாரணமாக எல்லாச் சத்தத்தையும் ஒரு அண்டாவில் ஊற்றிக் கலந்துதான் வெளியே விடும். பாட்டு 44,100ஆக இருந்தாலும் அண்டா 48,000 என்று வைக்கப்பட்டிருந்தால் எல்லாம் 48,000 ஆகும். சத்தக் கட்டுப்பாடு உச்சத்தில் இல்லாவிட்டால் எல்லா எண்ணும் சுருங்கும். ஒரு முறை நான் பத்து நிமிடச் சோதனையைக் கழித்தபோது, நிசப்தத்துக்கு நடுவில் தெளிவாக வைபர் மணி கேட்டது. பெட்டி பாவம், தந்ததைச் சொன்னது.

இதற்கு மருந்து, அண்டாவைத் தவிர்த்து நேராகப் பெட்டியோடு பேசும் வழியை இயக்கும் மென்பொருளில் தேர்ந்தெடுப்பது. அசியோ என்றோ, வாசாபியின் தனியுரிமை முறை என்றோ அது பட்டியலில் இருக்கும். பதியும் பக்கத்திலும் இன்ரர்பேஸோடு வந்த மென்பொருளைப் பயன்படுத்துங்கள். ஒடாசிட்டியைக் கழிக்க மட்டும் வைத்திருங்கள்.

அந்தத் தூறல் இரைச்சலுக்கு வருகிறேன். ஒடாசிட்டி உள்ளே 16 பிட்டைவிட நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கும். கோப்பை 16 பிட்டாக வெளியே எழுதும்போது, வெட்டும் கூர்மை தெரியாமல் இருக்க மெல்லிய இரைச்சல் ஒன்றைத் தானாகத் தூவிவிடும். டிதர் என்று பெயர். நல்ல நோக்கத்தோடு செய்வதுதான், ஒலிப்பதிவுக்காரர்கள் விரும்பிச் செய்வதும்கூட. ஆனால் சோதனையில் அது கலப்படம். தர அமைப்புகளுக்குள் போய் டிதரை நிறுத்திவிட்டுத்தான் சோதனைக் கோப்பை எழுத வேண்டும்.

இன்னொரு கண்ணி, இன்ரர்பேஸின் கடிகாரம். அது தன் சொந்தத் தாளத்தில் ஓடாமல், வரும் சைகையின் தாளத்தைப் பின்பற்றும்படி வைக்க வேண்டும். இரண்டு கருவியின் தாளமும் 44,100க்கு ஒன்று என்ற கணக்கில் வேறுபட்டால்கூட வினாடிக்கு ஒரு சாம்பிள் மிஞ்சும். ஒரு மணி நேர மேளத்தில் 3,600. இன்ரர்பேஸ் அதை எங்கேயாவது விழுத்தத்தான் வேண்டும். சித்தப்பாவின் முதல் தட்டை ஏற்றும்போது நான் இதை மறந்துபோனேன். பதிவு முழுக்க ஈ மொய்ப்பதுபோல டிக், டிக். அவருக்கு அது கேட்கவேயில்லை, வலந்தலை மட்டும்தான் கேட்டது.

டைனமோவும் ஜிட்டரும்

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு ஜிட்டரை விளக்கத் தேவையில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட காலம் அது. சுற்றுபவன் கை உளைந்தால் கசற் மெதுவாகி, பாடகரின் குரல் கட்டைக்கு இறங்கும். அடுத்தவன் வந்து உற்சாகமாகச் சுற்றினால் பாட்டு ஓடத் தொடங்கும். கசற்றில் இருந்த பாட்டு மாறவில்லை. எடுக்கும் வேகம் மட்டும் ஆடியது.

டிஜிற்றலில் எண்கள் சரியாக இருந்து, அவை வரும் கணம் மிகமிகச் சிறிதாக முன்பின்னாக ஆடுவதைத்தான் ஜிட்டர் என்கிறார்கள். டைனமோ ஆட்டத்தோடு ஒப்பிட்டால் இது கண்ணுக்கே தெரியாத அளவு. இது எங்கே முக்கியம், எங்கே முக்கியம் இல்லை என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எண்ணை மின் அலையாக்கும் கடைசிப் படியில் முக்கியம், ஏனென்றால் அங்கேதான் கணம் ஒலியாகிறது. நல்ல கருவிகள் வரும் ஆட்டத்தை உள்ளே வடிகட்டிவிடும். கோப்பாகப் பதியும்போது முக்கியம் இல்லை. -1204 கொஞ்சம் பிந்தி வந்தாலும் -1204 என்றுதான் எழுதப்படும். ஆட்டம் அளவு மீறி எண்ணே கெட்டுப்போனால், அது கழித்தல் சோதனையில் சொடக் என்று வந்து நிற்கும்.

எனவே கழித்தல் சோதனையில் தேறிய பெட்டியின் ஊடாக நேரடியாகக் கேட்கும்போது ஜிட்டர் சிறிது கூடியிருக்க இடம் உண்டு. அதை அளக்க வேறு கருவி வேண்டும். கோப்பாக்கிச் சேமிக்க வந்தவருக்கு அது தலையிடியே இல்லை.

கணினி இல்லாத வீட்டுக்கு ஒரு வழி

ரீவியோடு ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. டிரிஎஸ் சீடி என்று ஒரு வகை உண்டு. அதில் பல ஸ்பீக்கருக்கான ஒலி, சாதாரணச் சீடியின் எண்கள்போல வேடம் போட்டுச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். எண்கள் அப்படியே போய்ச் சேர்ந்தால் தியேட்டர் பெட்டியில் டிரிஎஸ் விளக்கு எரிந்து பாட்டு வரும். நடுவில் யாராவது சத்தத்தைக் குறைத்தாலோ வீதத்தை மாற்றினாலோ விளக்கு எரியாது. இரைச்சலோ நிசப்தமோதான் வரும். உடைந்த திறப்பால் பூட்டுத் திறக்காது என்பதுபோல.

இதற்கு வரம்பு உண்டு. விளக்கு எரியாவிட்டால் எங்கோ எண் மாறியது நிச்சயம். எரிந்தால், எப்போதாவது ஒரு சொடக் விழுவதை அது காட்டிக்கொடுக்காமல் விடலாம். சீடி 16 பிட் என்பதால் 24 பிட்டில் மிகுதி எட்டும் தப்பினவா என்பதும் தெரியாது. அதற்கு வேறு ஒரு சோதனை: 24 பிட் கோப்பில், உச்சத்திலிருந்து 110 டெசிபெல் கீழே ஒரு சீரான சுருதி மட்டும் வைத்து அனுப்புங்கள். 16 பிட்டின் கடைசிப் படியை விட அது தாழ்ந்தது. பதிந்ததைக் கூட்டிக் கேட்டால் சுருதி இனிமையாக வந்தால் 24 பிட்டும் தப்பியது. ஒன்றுமே இல்லாவிட்டால், அல்லது சுருதி கரகரவென்று வந்தால், பெட்டி வெட்டுகிறது.

எச்டிஎம்ஐயிலிருந்து ஒலியைப் பிரித்துத் தரும் மலிவுப் பெட்டி வாங்கினால் இந்த இரண்டு சோதனையையும் கட்டாயம் செய்யுங்கள். ஒப்டிக்கலைக் கோஅக்சியல் ஆக்கும் பெட்டிக்கு வெளிச்சத்தை மின்சாரமாக்குவதைத் தவிர வேறு வேலை அதிகம் இல்லை, அதனால் எண்ணில் கை வைக்கும் வாய்ப்பும் குறைவு. எச்டிஎம்ஐ பிரிப்பான் எண்ணைப் பிரித்து எடுத்துத் திருப்பி அடுக்குகிறது. வேலை கூடக் கூடக் கைவைக்க இடமும் கூடும்.

வலந்தலைக்கு என்ன ஆனது

கடிகாரத்தைத் திருத்தி, டிதரை நிறுத்தி, சீடியால் பெட்டியைச் சோதித்தேன். 2,64,60,000 சாம்பிளும் பூச்சியம். 80 டெசிபெல் கூட்டியும் நேர்கோடு. பிறகு சித்தப்பாவின் தட்டையே இரண்டு தடவை ஓட்டினேன்: ஒரு முறை பெட்டியோடு, ஒரு முறை பெட்டி இல்லாமல், விரலால் வாயை அழுத்திக்கொண்டு. கழித்தால் அதுவும் பூச்சியம்.

அப்படியானால் மெலிவு தட்டிலேயே இருக்கிறது. மினிடிஸ்க் ஒலியை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் எழுதும். காதுக்குத் தெரியாது என்று அது கணிப்பதை விட்டுவிடும். ஆனாலும் அதுவும் முழுக் காரணம் இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. பதிவை இன்னொரு தரம் கேட்டபோது நாதஸ்வரம் கிட்டவும், தவிலின் இடப்பக்கமான தொப்பி கொஞ்சம் கிட்டவும், வலந்தலை தூரவும் கேட்டது. சித்தப்பாவிடம் அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். "தவில்காரருக்கு இடப்பக்கம், தூணுக்குப் பின்னாலை. முன்னுக்கு இடமில்லை, சரியான சனம்."

நேர்கோட்டைத் திரையில் காட்டி விளக்கினேன். கவனமாகப் பார்த்தார், தலையாட்டினார். புறப்படும்போது வாசலில் நின்று, "எண்டாலும் தம்பி, வேறை பெட்டி ஒண்டு போட்டுப் பாப்பமே?" என்றார்.